ஆடிக்கும் ஆஷாடத்துக்கும் நடுவில் ஒரு வீடு

நாங்கள் பதினோரு வருடம் குடியிருந்த வீடு சதுரங்கப்பட்டினத்தில், கோட்டைக்குப் போகிற வழியில் இருக்கிறது. வீட்டுக்காரர் திருக்கழுக்குன்றத்தில் இருக்கிறார், கோயில் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டுத் தரைக்கு டைல்ஸ் ஒட்டியது நான்தான். அது என் தொழில். வேலை முடிந்த கையோடு, வாடகைக்கு வருகிறாயா என்று அவரே கேட்டார். ஒட்டின தரையின் மேலேயே பாயை விரித்துக் குடிவந்தோம்.

வைகாசியில் ஒரு நாள் சாயங்காலம் அவர் வந்தார். வெகுநேரம் வெயிலைப் பற்றியே பேசினார். நான் அதிகம் பேசாதவன். கடைசியில் வாசலைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். பெங்களூரில் இருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வருகிறார்கள். இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை, எந்த ஊரில் உட்கார்ந்தும் செய்யலாம். அங்கே வாடகையும், காசு கொடுத்து வாங்கும் லாரித் தண்ணீரும், ரோட்டில் நிற்கிற நேரமும் அவர்களால் தாங்க முடியவில்லையாம். குழந்தைக்கு வேறு ஓயாத இருமல். கடல் காற்று பட்டால் நல்லது என்று யாரோ சொன்னார்களாம். நான் கொடுப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தருகிறார்கள்.

"அவங்களுக்கு இது ரொம்ப சலிசா இருக்குதாம்பா" என்றார்.

நான் தலையாட்டினேன். ஆனி முடிவதற்குள் காலி செய்கிறேன் என்பதற்கும் ஒரு முறை ஆட்டினேன்.

எனக்குப் புரியாதது அதுதான். ஒரே வீடு. அவர்களுக்குச் சலிசு, எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. கோவளத்தில் இருந்து கல்பாக்கம் வரை கடலோரமாக எத்தனை வீடுகளுக்குத் தரை போட்டிருப்பேன். அதில் யார் வந்து குடியிருக்கப் போகிறார்கள் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

என் மனைவிக்கு என் தலையாட்டலின் மேல்தான் கோபம். ஒரு வார்த்தை, இரண்டு மாதம் தவணை கேட்டிருக்கக் கூடாதா என்றாள். பிறகு இரண்டு பேருமாக வீடு தேடினோம். மாமல்லபுரம் பக்கம் நினைத்தே பார்க்க முடியாது. திருக்கழுக்குன்றத்திலும் ஏறிவிட்டது. எங்கள் ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த அச்சரப்பாக்கத்தில் குறைவாகக் கிடைக்கும். ஆனால் சம்பந்தி வீட்டுத் தெருவில் போய் நான் எப்படி நடமாடுவது?

அப்போதுதான் ஆந்திராவில் சூளூர்ப்பேட்டைப் பக்கம் இருக்கிற என் மச்சான், மனைவியின் தம்பி, போன் செய்தான். அவன் அங்கே ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் வேலைக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. இரண்டு அறை, பின்பக்கம் கிணறு, வாடகை இங்கே கொடுப்பதில் பாதி என்றான். கட்டிட வேலைக்கும் குறைவில்லையாம். எனக்குத் தெலுங்கு ஒரு சொல்கூடத் தெரியாதே என்றேன்.

"நீ இங்கயே எவன் கிட்டயும் பேச மாட்ட மாமா. அங்க வந்து பேசாம இருந்தா மட்டும் இன்னா, ஒருத்தனுக்கும் தெரியாது" என்றான்.

சிரித்தேன். ஆனால் அது எனக்கு ஒரு ஆறுதலாகவும் இருந்தது.

நேரில் போய்ப் பார்த்தேன். அந்த வீட்டுக்கார அம்மா எனக்கு மோர் கொடுத்து நிறையப் பேசினார். மச்சான் பாதியைத் தமிழில் சொன்னான். மீதிக்கு நானே தலையாட்டினேன். என்றைக்குக் குடிவருகிறோம் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆடிக்கு முன்னால் என்று எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று இருந்துவிட்டேன். ஆடியில் யார் குடிபோவார்கள்? ஆனியின் கடைசிப் புதன்கிழமை பால் காய்ச்சுவதாக நாங்களே நாள் பார்த்து வைத்தோம்.

அந்தப் புதனுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, பரணில் இருந்த பாத்திரங்களை மனைவி சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். மச்சான் போன் வந்தது. இப்போது வரக் கூடாது என்கிறாராம் அந்த அம்மா. அவர்களுக்கு ஆஷாடம் நடக்கிறதாம். அந்த மாதத்தில் புது வீட்டில் அடுப்பு ஏற்ற மாட்டார்களாம். அமாவாசை கழிந்து சிராவணம் பிறந்ததும் வாருங்கள், அதைப் போல நல்ல மாதம் கிடையாது என்றாராம்.

காலண்டரை இறக்கித் தரையில் வைத்து இருவரும் உட்கார்ந்தோம். நான் ஐந்தாவது வரை படித்தவன். விரல் வைத்துத்தான் எண்ணுவேன். அவர்கள் மாதம் அமாவாசைக்கு அமாவாசை போகிறது. அதனால் எங்கள் ஆடிக்கு முன்னாலேயே அவர்களுக்கு ஆகாத மாதம் பிறந்துவிடுகிறது. அவர்களுக்கு நல்ல மாதம் பிறக்கும்போது நாங்கள் ஆடியின் நடுவில் நிற்கிறோம். மாதம் என்பது எல்லோருக்கும் ஒன்று என்று இத்தனை வயது வரை நினைத்திருந்தேன். மூன்று மணி நேரம் ரயிலில் போனால் வேறு மாதமாகிவிடும் என்று யார் கண்டார்கள்? மறுபடியும் மறுபடியும் எண்ணினேன். ஆவணியின் முதல் வாரம் மட்டும்தான் இரு பக்கத்துக்கும் ஒத்து வந்தது.

அதுவரைக்கும் இந்த வீடு எங்களுக்கு வேண்டும். அதை வீட்டுக்காரரிடம் நான்தான் கேட்க வேண்டும்.

மறுநாள் திருக்கழுக்குன்றம் போனேன். மலையடிவாரத்தில் டீ குடித்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இன்னொரு டீயும் குடித்தேன். வீட்டுக்குள் போய் உட்கார்ந்தால், அவர் என்னைவிடக் குழம்பிப்போய் இருந்தார். பெங்களூர்க்காரர்களுக்கும் ஆஷாடமாம். சிராவணத்தில் வருகிறோம் என்கிறார்களாம்.

"ஆடியில என் வீட்ல யாரும் பால் காய்ச்ச முடியாதுன்னு சொல்லிட்டேம்ப்பா. ஆவணியில வரட்டும். அதுவரைக்கும் நீயே இரு" என்றார்.

கேட்கப் போனதை வாயைத் திறக்காமலே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மனைவியால் நம்ப முடியவில்லை. அன்றைக்குச் சாக்கைப் பிரித்து வாணலியை வெளியே எடுத்து வடை சுட்டாள்.

ஒரு வாரம் அப்படிப் போயிற்று. ஆடி பிறந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வீட்டைப் பார்க்க அவர்களே வருகிறார்கள் என்று வீட்டுக்காரர் சொல்லி அனுப்பினார். அவர்கள் வருவதற்கு முன்னால் மனைவி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"தண்ணி உப்புன்னு சொல்லு. இன்னா, கேக்குதா? அவங்களே ஓடிடுவாங்க."

வந்தவர்களில் அந்தப் பெண்தான் பேசினாள். தமிழ் கொஞ்சம் வந்தது. அவள் புருஷன் பேசவே இல்லை, என்னைப் போல. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லக் குனிந்து, அறையின் மூலையில் டைல்ஸ் சேருகிற இடத்தைத் தடவிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்பதாக அவளிடம் ஏதோ சொன்னான். நான் சுவரைப் பார்த்தேன்.

"தண்ணி எப்படி அண்ணா?" என்று அவள் கேட்டாள்.

மனைவி கதவுக்குப் பின்னால் நின்றாள். வீட்டுக்காரர் வாசலில் நின்றார். எனக்கு உண்மை சொல்லவும் வாய் வரவில்லை, பொய் சொல்லவும் வரவில்லை. குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தேன். அவள் பாதி குடித்தாள். மீதியைக் குழந்தைக்குப் புகட்டினாள். அது முழுவதையும் குடித்துவிட்டு இன்னும் கேட்டது.

"நல்ல தண்ணி. அப்புறம் நீங்க எதுக்குப் போறீங்க?"

அவள் கேலிக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். உங்களால்தான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் குழந்தை அப்போது இரும ஆரம்பித்தது. அப்படி ஒரு இருமலை நான் கேட்டதில்லை. மச்சான் கூப்பிடுகிறான் என்று என்னவோ சொன்னேன்.

அவர்கள் போன பிறகு வீட்டுக்காரர் மட்டும் திரும்பி வந்தார். பெங்களூர் வீட்டைக் காலி செய்வதாக அவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். சிராவணம் பிறந்ததும் வந்தே ஆக வேண்டுமாம். இல்லையென்றால் கோவளத்தில் வேறு வீடு தயாராக இருக்கிறதாம். அவங்க முறைப்படி அது நல்ல மாசம்தானேப்பா, நாம என்ன சொல்றது என்றார். அன்றைக்கு ஆடி என்று அத்தனை உறுதியாகச் சொன்னவர் அவர்தான். நான் மறுபடியும் தலையாட்டினேன். அவர் போகட்டும் என்றுகூட மனைவி காத்திருக்கவில்லை.

"வாடக ஏறிச்சின்னா ஆடி கூட ஆவணி ஆயிடும் போல கீது" என்றாள்.

அவர் காதில் விழுந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே முடிவெடுத்தாள். ஆடிப்பெருக்கு ஆடியில் வந்தாலும் அது பெருகுகிற நாள், அன்றைக்கு எதைத் தொடங்கினாலும் தோஷம் இல்லை, அன்றைக்குப் போகலாம் என்றாள். சூளூர்ப்பேட்டை அம்மாவுக்கும் அது சிராவணம். பெங்களூர்க்காரர்களும் அதே நாளில் வரட்டும் என்றாள். இதை நான் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவளே போன் போட்டுச் சொன்னாள்.

பதினெட்டாம் பெருக்கன்று காலையில் குட்டியானை வண்டி வந்தது. கட்டில், பீரோ, என் கட்டிங் மெஷின், சாக்குகள் எல்லாம் ஏறின. மனைவி சாமி படத்தை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை. நான் வீட்டைப் பெருக்கி, கடைசியாக ஒரு முறை சுற்றி வந்தேன். சாமான் இல்லாத தரை முழுவதும் தெரிந்தது. பதினோரு வருடத்தில் ஒரு டைல்ஸ்கூடப் பெயரவில்லை.

வெளியே வந்து செருப்பைத் தேடினால், தெருவில் அவர்கள் மூவரும் நின்றுகொண்டிருந்தார்கள். சீக்கிரமே வந்துவிட்டார்கள். அவள் கையில் புதுப் பாத்திரமும் பால் பாக்கெட்டும் இருந்தன. குழந்தை அப்பாவின் விரலைப் பிடித்திருந்தது. வீட்டுக்காரர் இன்னும் வந்து சேரவில்லை. சாவி என் கையில்தான் இருந்தது.

அவள் தயங்கி, "உள்ள வரலாமா அண்ணா?" என்றாள்.

இத்தனை நாளில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. வீட்டுக்காரர் சொன்னார், மச்சான் சொன்னான், மனைவி முடிவெடுத்தாள். இப்போது என்னிடம் கேட்கிறாள், நான் காலி செய்துவிட்ட பிறகு. சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. வண்டியில் டிரைவர் ஹாரன் அடித்தார்.

"வாங்க" என்றேன்.

சொன்ன பிறகும் வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அவள் புருஷன் லேசாகச் சிரித்தபோதுதான் தெரிந்தது. சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு, ஒதுங்கி அவர்களுக்கு வழி விட்டேன்.