பேரீச்சம்பழத் தட்டில் ஒரு பூச்சி

என்னைப் பெண் பார்க்க வந்தவர் பூச்சி இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். பயிரையும் தானியத்தையும் தின்னும் பூச்சிகளைப் பிடித்து, இது இன்னது என்று சர்க்காருக்குச் சொல்ல வேண்டும். அதற்குச் சம்பளமும் உண்டு. அவருக்கு முன் வந்த வரன்களெல்லாம் மல்லேஸ்வரத்து எங்கள் வீட்டுக் கேசரியைப் புகழ்ந்து தின்றுவிட்டு நழுவியவர்கள். இதுவும் போனால் இனி ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று அம்மா காலையிலிருந்தே அழத் தயாராக இருந்தாள்.

யுத்த காலம். ரேஷன் அரிசியோடு வண்டு இலவசமாகக் கிடைத்தது. புடைத்துப் புடைத்து அதன் முகஜாடைகூட எனக்கு அத்துப்படியாகியிருந்தது.

அவர் தன் தாயாரோடு வந்தார். பூ, வெற்றிலை, பேரீச்சம்பழம் என்று ஒரு பெரிய தட்டைக் கூடத்தில் வைத்தார்கள். நான் காபி கொடுத்து நமஸ்காரம் செய்தேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். அப்போது பாயில் ஒரு சின்னப் பழுப்புப் பூச்சி ஊர்ந்தது. அது அந்த அம்மாளின் கண்ணில்தானா பட வேண்டும்!

“என்னம்மா, உங்க வீட்டு அரிசில வண்டா? பொண்ணு புடைக்கவே மாட்டாளா?”

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. வரன் போயே போய்விட்டது என்று நினைத்தேன். அவரோ சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். குனிந்து பார்த்தார், புரட்டிப் போட்டுப் பார்த்தார். எனக்குக் கிடைக்காத மரியாதையெல்லாம் அதற்குக் கிடைத்தது.

“இது அரிசி வண்டு இல்லம்மா. அதுக்கு மூக்கு நீட்டிக்கிட்டிருக்கும். இதுக்கு மூக்கே இல்ல, தட்டை உடம்பு. கழுத்தோரம் ரெண்டு பக்கமும் ரம்பம் மாதிரி பல்லு இருக்குது பாரு. முழு அரிசியைத் துளைக்க இதால ஆகாது. காய்ஞ்ச பழம்னா உடாது.”

“சும்னே இரோ,” என்று அந்த அம்மாள் கன்னடத்தில் அடக்கினார். எங்களுக்குப் புரியக் கூடாதாம். மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதுகூடவா புரியாது?

அவர் சும்மா இருக்கவில்லை. தாங்கள் கொண்டுவந்த பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரித்து, “இதோ பாரு, குடும்பமே இங்கதான் இருக்குது!” என்று எல்லோருக்கும் காட்டினார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவரை எனக்குப் பிடித்துப்போனது. பெற்றவள் முன்னால் உள்ளதைச் சொல்லும் மாப்பிள்ளையை நான் கேள்விகூடப் பட்டதில்லை. கல்யாணம் நடந்தால் இவரோடுதான் நடக்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவர் என் மானத்தைக் காப்பாற்றினார் என்பது அவருக்கே தெரிந்ததா என்பது வேறு விஷயம்.

“கலந்து பேசிச் சொல்லி அனுப்பறோம்,” என்று அந்த அம்மாள் எழுந்துவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் பூச்சியைக் காகிதத்தில் மடித்துப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு பின்னால் போனார்.

வாசல்படியில் நின்று திரும்பிப் பார்த்தார். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். விறுவிறுவென்று உள்ளே வந்தார். தட்டுக்கு முன்னால் குந்தி, இன்னொரு பூச்சியைப் பிடித்துக் காகிதத்தில் போட்டுக்கொண்டார்.

“ஒண்ணு போதாதுங்க,” என்றார் என்னிடம். “ஜோடியா இருந்தாத்தான் நல்லது.”