புல்லட்டா, ஜாவாவா? மணவாள நகர் பட்டறையில் ஒரு தீராத வழக்கு

மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, எந்த வண்டி உசத்தி என்று யாராவது கேட்டால் கார்புரேட்டரைத் துடைப்பதுபோல் குனிந்துகொள்வதுதான். ஸ்பானர் பிடிப்பதெல்லாம் அப்புறம். எழுபதுகளில் மணவாள நகரில், ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் என் பட்டறை இருந்தது. என்னைப் போலவே நகக்கண்ணில் ஆயில் கறையோடு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பழகிய தோழர்களே, வாடிக்கையாளர்கள் இந்தக் கேள்வியால் நம்மைப் படுத்திய பாடு உங்களுக்குத் தெரியும். எங்கள் பட்டறையில் அது வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தது. ஒரு தடவை மட்டும் அதில் ஒருவனுடைய பிழைப்பே மாட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டு

ஞாயிறு காலை நாஷ்டா முடிந்ததும் மூன்று பேர் வந்துவிடுவார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு ரோலிங் மில்லில் வேலை செய்த தேவராஜ் புல்லட் கட்சி. கிராமம் கிராமமாகப் போய் அம்மை ஊசி போட்டுவந்த ஹெல்த் இன்ஸ்பெக்டர் சுந்தரம் சார் ஜாவா கட்சி. ஊத்துக்கோட்டை வேர்க்கடலை வியாபாரி ரங்கையா, பட்டாள ஏலத்தில் எடுத்த மேட்ச்லெஸ் என்ற வெள்ளைக்காரன் காலத்து வண்டியின் கட்சி.

ரங்கையாவின் வண்டி ஓடாது. வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோனதால், ஒரு சின்னப் பல்சக்கரத்துக்காகக் காத்துக்கொண்டு என் பட்டறை மூலையில் வருஷக்கணக்கில் குடியிருந்தது. பக்கத்து வீட்டுக் கோழிக்கு அதன் சீட்டுதான் மெத்தை. ஓடாத வண்டிக்கு எதற்கு இவ்வளவு வீறாப்பு என்று சுந்தரம் சார் ஒரு நாள் கேட்டேவிட்டார். ரங்கையா கோழியை விரட்டிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"ஓட்ற வண்டி ஊர்ல எல்லார்கிட்டயும் கீது நைனா. நின்னுக்கினே மரியாதை வாங்குற வண்டி எவன்கிட்ட கீது, சொல்லு பாக்கலாம்."

பூண்டி வரை ஒரு பந்தயம்

தேவராஜுக்குப் புல்லட் என்றால் உயிர். பழைய வண்டிதான், ஆனால் ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு நாலு எட்டு தள்ளி நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அது இல்லாமல் அவனுக்கு வேலையும் இல்லை. மணவாள நகரிலிருந்து மில்லுக்கு ரயிலில் போவதென்றால் மெட்ராஸ் போய் வேறு லைன் பிடிக்க வேண்டும். பஸ் என்றால், முதல் பஸ் ஊத்துக்கோட்டையைத் தொடுவதற்குள் மில்லில் காலை ஷிப்ட்டுக்குச் சங்கு ஊதிவிடும். குடியிருப்பை மாற்றவும் வழியில்லை. அவன் மனைவி எஸ்தருக்குத் திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை.

அவனும் சுந்தரம் சாரும் பேச்சு முற்றி, பூண்டி ஏரி வரை போய்த் திரும்புவது என்று பந்தயம் கட்டினார்கள். நடுவர் நான். நடுவர் எங்கே இருப்பது என்று யாரும் யோசிக்காததால் தேவராஜுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன். திரும்பும்போது இரண்டு வண்டியும் ஒட்டி ஒட்டி வந்தன. அறுப்பு முடிந்த வயலிலிருந்து ஒரு வாத்துக் கூட்டம் ரோட்டில் ஏற, இரண்டு வண்டியும் நின்றுவிட்டன. முன்னால் போனவர் யார் என்பதில் சண்டை மூண்டது. வாத்து மேய்த்தவர் கொம்பை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ரெண்டும் நின்னுக்கினு தான கீது? இதுல எது வேகம்னு வாத்துங்களையா கேக்கப் போறீங்க?"

கிளட்ச் பிடிக்கிற கை

அந்த மழைக்காலத்தில் மில்லில் சிவக்கக் காய்ந்த கம்பி ஒன்று தடம் மாறித் துள்ளியது. தேவராஜின் இடது கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான் மிஞ்சின. இனி உலைப் பக்கம் வேண்டாம், எடைமேடையில் உட்காரலாம் என்றது மில். சங்கு ஊதும்போது ஆள் இடத்தில் இருக்க வேண்டும், ஒரு மாதம் பார்ப்போம், மூன்று தடவை தவறினால் வேறு ஆள் என்றும் சொல்லிவிட்டார்கள்.

கட்டுப் பிரித்த மறுநாள் பட்டறைக்கு வந்தான். புல்லட்டில் ஏறி உட்கார்ந்து, மிஞ்சிய ஆள்காட்டி விரலால் கிளட்ச் லிவரை இழுத்தான். புல்லட் கிளட்ச் முழுக்கைக்கே கடுக்கும். அது அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தான். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. பார்க்காமலே நின்ற என்னிடம் அவன் சொன்னான்:

"இம்மாம் பெரிய ஒடம்புல வேற எடமே கெடைக்கலயாண்ணா அந்தக் கம்பிக்கு? கிளட்ச் புடிக்கிற கைய பாத்து வந்து வுழுந்துச்சே."

என் கண்டுபிடிப்புகள்

நான் சும்மா இருப்பேனா? கிளட்ச் லிவரைக் கழற்றி வலது பக்கம், பிரேக்குக்குக் கீழே மாட்டினேன். இப்போது ஆக்சிலேட்டர், பிரேக், கிளட்ச் மூன்றும் ஒரே கையில். பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டிப் பார்த்தான். பிரேக் பிடிக்க நினைத்தால் கிளட்ச் வந்தது, கிளட்ச்சை விட்டால் ஆக்சிலேட்டர் ஏறியது. வண்டி நேராகப் போய் ஓர் ஆட்டுப்பட்டி வேலியில் செருகிக்கொண்டது. அடுத்து, முழங்காலால் தள்ளுகிற மாதிரி ஒரு கம்பி வைத்தேன். அது வேலியைவிட மோசம்.

மில் கொடுத்த ஒரு மாதம் ஓடிக்கொண்டிருந்தது. மில்லுக்கு அவன் யார் யாருடைய லாரியிலோ தொற்றிக்கொண்டு போனான், இரண்டு தடவை தாமதமாகிவிட்டது. மூன்றாவது கண்டுபிடிப்புக்கு நான் கம்பி வளைத்துக்கொண்டிருந்தபோது எஸ்தர் ஆஸ்பத்திரிப் புடவையோடு நேராகப் பட்டறைக்குள் வந்தாள்.

"அண்ணே, வண்டி ஓட்லன்னா வேலதான் போவும். நீங்க பண்றதுல ஆளே பூடுவாரு. உட்டுடுங்க."

கோர்ட்டில் யாரும் பேசாத விஷயம்

இரண்டு நாள் கழித்து சுந்தரம் சார் ஜாவாவோடு வந்தார். கிளட்ச் ஒயர் அறுந்து தொங்கியது. எங்கே அறுந்தது சார் என்றேன். வெங்கல் கிராமம் தாண்டி என்றார். அவ்வளவு தூரம் ஒயர் இல்லாமலா என்று வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஜாவாவில் கியர் லிவரைக் காலால் அழுத்தினாலே கிளட்ச் தானாக விடுபடும், கை வேண்டியதில்லை. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்தப் பாகத்தை எத்தனையோ தடவை பிரித்து மாட்டியிருக்கிறேன். ஆனால் வேகம், சத்தம், மைலேஜ், கம்பீரம் என்று வருஷக்கணக்கில் கத்திய எங்கள் கோர்ட்டில் ஒருவர்கூட அதை ஜாவாவின் பெருமையாகச் சொன்னதில்லை. இரண்டு கையும் இருந்தவர்களுக்கு அது தேவைப்படவே இல்லை. தேவராஜ் விஷயத்திலோ, புல்லட்டை எப்படிக் காப்பாற்றுவது என்பதைத் தாண்டி என் புத்தியே போகவில்லை.

தேவராஜைக் கூப்பிட்டனுப்பினேன். வந்தான், ஜாவாவைப் பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான். தையல் மெஷின் என்று அவன் ஊர் சிரிக்கக் கிண்டல் செய்த வண்டி அது. சுந்தரம் சார் சாவியை சீட்டின் மேல் வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அவர் அப்படி ஒதுங்கிப் போனதற்காகவே அவர் மேல் எனக்கு ஆயுசுக்கும் மரியாதை. தேவராஜ் ஏறினான். லிவரை அழுத்தி, மெதுவாகக் காலைத் தளர்த்தினான். வண்டி நகர்ந்தது. ரயில்வே கேட் வரை போய்த் திரும்பி வந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். டீக்கடையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்:

"சத்தம்தான் தகர டப்பா மாரி கீது சார். ஆனா போவுது."

பண்டமாற்று

அவன் கேட்கவில்லை. சுந்தரம் சார்தான் சொன்னார், ஜாவாவை நீ வைத்துக்கொள், புல்லட்டை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று. ஏதோ பேனா மாற்றிக்கொள்வதுபோல் சொல்லிவிட்டார். அது லேசான காரியமில்லை. ஜாவாவில் பிரேக் வலது காலில், கியர் இடது காலில். அந்தக் காலத்துப் புல்லட்டில் எல்லாம் தலைகீழ். முதல் வாரம் சார் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துக்கொண்டே ஊர்வலம் வந்தார். ஒரு கிராமத்தில் ஊசிப் பெட்டியோடு வைக்கோல் போருக்குள் புகுந்தார். ஊசிக்குப் பயந்து ஓடிய பிள்ளைகளெல்லாம் திரும்பி வந்து அவரைத் தூக்கிவிட்டார்களாம்.

வைக்கோலைத் தட்டிக்கொண்டே பட்டறைக்கு வந்தவரிடம் கஷ்டமாக இருக்கிறதா சார் என்று கேட்டேன்.

"அவன் டயத்துக்கு வேலைக்குப் போறான். நான்தான் தினம் எருமை மேல ஏறி ஆபீஸ் போறேன், வேற ஒண்ணும் இல்லை."

மறுவிசாரணை

மாதம் முடிந்து எடைமேடை வேலை தேவராஜுக்கே என்று ஆனது. அந்த ஞாயிறு மறுபடி கோர்ட்டு கூடியது. புல்லட்டில் வந்த சுந்தரம் சார், ஜாவாவுக்கு ஈடான வண்டி இந்தப் பூமியில் இல்லை என்று வாதாடினார். ஜாவாவில் வந்த தேவராஜ் புல்லட்டுக்காகத் தொண்டை கிழியக் கத்தினான். ரங்கையாவுக்குத் தலை சுற்றிவிட்டது. உன்னைத் தினம் மில்லில் கொண்டுபோய் விடுவது எது, யோசித்துச் சொல்லு நைனா, எது உசத்தி என்று தேவராஜை மடக்கினார்.

தேவராஜ் மிச்சமிருந்த இரண்டு விரலில் துணியைப் பிடித்து ஜாவாவின் டாங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிராமலே சொன்னான்:

"உசத்தின்னா புல்லட்டு தான், அதுல இன்னா டவுட்டு? இதுக்கு அந்தப் பட்டமெல்லாம் வாணாம். இது இல்லன்னா எங்க ஊட்ல அடுப்பு எரியாது, அவ்ளோதான்."

நான் பட்டறையை மூடுகிற வரைக்கும் அந்த வழக்கில் தீர்ப்பு வரவில்லை, இரண்டு பேருமே தங்களிடம் இல்லாத வண்டிக்காகக் கத்திக்கொண்டு, தங்களிடம் இருந்த வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.