செல்லோவுக்கு ஈரச்சாக்கு

பேத்தி போனில் பேசி அனுப்பியதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். எனக்கு எழுத்துத் தெரியாது. அவளுடைய அப்பாவைப் பெற்ற சின்னக்கானல் சம்பந்திக்கும் தெரியாது. அதனால் எங்கள் இருவருக்கும் ஒரே பேச்சைத்தான் அனுப்புவாள். "ஆச்சி, அம்மிச்சி, ரெண்டு பேரும் கேளுங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். ஆச்சி என்பது சம்பந்தி, அம்மிச்சி என்பது நான். எப்போதும் ஆச்சிதான் முதலில். எனக்கென்று தனியாக ஒன்று பேசி அனுப்பினால் வாயா வலிக்கும் என்று நினைத்துக்கொள்வேன். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மருமகள்தான் எழுதுகிறாள். நான் பேசுகிறபடி எழுதாமல் புத்தகத்தில் வருகிற மாதிரி மாற்றிவிடுகிறாள். மாற்றட்டும், படித்தவள்.

அன்றைக்கு வந்தது இந்த சீசனுக்கான கச்சேரி விவரம். என் பேத்தி எட்டுப் பேர் சேர்ந்த ஒரு குழுவில் செல்லோ வாசிக்கிறாள். மேளம் கிடையாது, பாட்டுக் கிடையாது, எல்லாமே தந்தி வாத்தியம். வயலினை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். செல்லோ அதற்கு அம்மா மாதிரி. எங்கள் கன்றுக்குட்டியை நிறுத்தினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு இருக்கும். முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு வில் போடுவாள். அந்தக் கூட்டத்தில் அதற்கும் பெரியதாக ஒன்று உண்டு. அதை ஒரு தாடிக்காரர் நின்றுகொண்டுதான் வாசிக்க முடியும்.

முதலில் கொச்சி. அப்புறம் சின்னக்கானல். அப்புறம் கோயமுத்தூர், பெங்களூர். மாசியில் ஜெர்மனிக்குப் போனால் அங்கேயே ஊர் ஊராகச் சுற்றிவிட்டுக் கோடை முடிந்துதான் வருவாளாம். கேட்கக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முடிந்ததும்தான் உறைத்தது. சின்னக்கானல் உண்டு, எங்கள் மீனாட்சிபுரம் இல்லை.

சம்பந்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலையில் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்ந்த மனுஷி, நல்ல மனுஷி. அவர் மகனும் என் மகளும் கஞ்சிக்கோட்டில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள். எங்கள் பக்கத்துச் சொந்தக்காரர்கள் அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டார்கள், ஆனால் சிரிக்கவில்லை. இந்தம்மா மட்டும் எல்லோரிடமும் சிரித்துச் சிரித்தே பேசினார். அன்றைக்கே எனக்கு அவர்மேல் ஒரு இது.

பேத்தியைக் கூப்பிட்டு, ஜெர்மனிக்குப் போகும் முன்னால் என் வீட்டில் ஒரு தடவை வாசித்துவிட்டுப் போ என்றேன். அது மட்டும்தான் கேட்டேன்.

"உங்கூர்க் காத்து செல்லோவுக்கு ஆகாதுங்க அம்மிச்சி. போன தைக்கு வந்தப்ப மரம் காஞ்சு ஒட்டு விட்டுப்போச்சு, மறந்துட்டீங்களா?"

"சின்னக்கானல்ல காத்தே இல்லியாக்கும்?"

"அங்க பனிங்க. பனிக்குத் தந்தி தளரும், முறுக்கிக்கலாம். மரம் காஞ்சு வெடிச்சா என்னங்க பண்றது?"

அவள் சொன்னது பொய்யில்லை. மார்கழி பாதியில் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து கிளம்புகிற காற்று மாசி வரை நிற்காது. உதடு வெடிக்கும், கதவு நிலையை விட்டு விலகும், காயப்போட்ட சேலை பக்கத்துத் தோட்டத்துத் தென்னையில் போய் உட்காரும். எனக்குப் பழகிவிட்டது. ஒரு மரப்பெட்டிக்குப் பழகவில்லை என்று என் பேத்தி என் வீட்டுக்கு வராமல் இருக்கிறாள். அந்தச் செல்லோவின்மேலும் எனக்கு எரிச்சல் வந்தது.

சின்னக்கானல் கச்சேரிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மகன் பஸ் ஏற்றிவிட்டான். ஒரு பெரிய ரிசார்ட்டில் கண்ணாடி அறை. வெளியே பனி வந்து முகத்தை வைத்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. முன் வரிசையில், மேனேஜர்களுக்கும் டூரிஸ்டுகளுக்கும் நடுவில், சம்பந்தி. பச்சைச் சேலை, தலை நிறையப் பூ.

"வந்துட்டீகளா மதினி? இங்கன உக்காருங்க. எனக்குன்னே இந்த நாற்காலிய ஒதுக்கி வச்சிருக்கா. நீங்க அந்தப் பிளாஸ்டிக்குல உக்காருங்க, அதுவும் நல்லாத்தான் இருக்கும்."

உட்கார்ந்தேன். பேத்தி வில் போட்டாள். அந்தச் சத்தம் காதில் விழவில்லை, நாற்காலி வழியாக இடுப்பில் ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைச் சம்பந்தி பார்க்கக் கூடாது என்று மூக்கைச் சிந்தினேன். வாசிப்பு நின்றதும் தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். சம்பந்தி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"தட்டாதீக. இன்னும் முடியல. இது நடுவுல விடுற மூச்சு."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். சாயங்காலம் ஒத்திகையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம், பேத்தியே சொல்லித்தந்தாளாம். ஒத்திகைக்குமா! அதற்குப் பிறகு என்ன வாசித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பச்சைச் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடியற்காலையில் அவர்கள் வேன் கோயமுத்தூருக்குப் புறப்பட்டது. மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று போகிற வழி. பொள்ளாச்சிக்கு வந்தபிறகு எங்கள் வீடு எவ்வளவு தூரம்? மத்தியானச் சாப்பாடு என் வீட்டில் என்று சொல்லிவிட்டேன். கச்சேரி அடுத்த நாள்தானே, எல்லோரும் தலையாட்டினார்கள். பேத்தி மட்டும், சாப்பாடு மட்டும்தான் அம்மிச்சி, பெட்டியைத் திறக்க மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். சரி என்று ஏறினால், டிரைவர் பக்கத்து சீட்டில் சம்பந்தி. யாரும் கூப்பிடவில்லை. சம்பந்தி வீட்டைப் பார்த்து நாளாயிற்று, வருகிறேன் என்றாராம். வழியெல்லாம் தாடிக்காரருக்கு மறையூர்ச் சந்தன மரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் பின் சீட்டில் செல்லோவுக்குப் பக்கத்தில், அதன்மேல் தலை சாய்ந்துவிடாமல் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் மருமகள் பருப்பும் நெய்யும், அரிசியும்பருப்பும் சாதமும், தயிரும் தயாராக வைத்திருந்தாள். எட்டுப் பேரில் ஆறு பேருக்கு எங்கள் பக்கத்துச் சாப்பாடே புதிது. காற்று இலையைத் தூக்கியது, ஆளுக்கொரு டம்ளரை வைத்து அமுக்கிக்கொண்டு சாப்பிட்டார்கள். வாத்தியப் பெட்டிகளையெல்லாம் கூடத்துச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். கதவு இடுக்கு வழியாகக் காற்று நேராக அதன்மேலேயே விழுந்தது.

எனக்குப் பாவமாக இருந்தது. இன்னொன்றும் இருந்தது, அதை மறைப்பானேன்: இந்தத் தடவையும் ஒட்டு விட்டுப்போனால், என் வீட்டுப் பெயரையே எடுக்க மாட்டாள். சொசைட்டி வண்டி வரும்வரை பால் கேனை என்ன செய்வோம்? சாக்கை நனைத்துச் சுற்றி வைப்போம். காற்று எவ்வளவு அடிக்கிறதோ அவ்வளவு குளிர்ச்சி. தொழுவத்திலிருந்து சாக்குகளை எடுத்து, தொட்டியில் முக்கி, லேசாகப் பிழிந்து, எட்டுப் பெட்டிக்கும் சுற்றினேன். என் பேத்தியுடையதற்கு மட்டும் இரண்டு.

முதலில் பார்த்தது தாடிக்காரர். கையில் தயிர்சாதத்தோடு அப்படியே நின்றுவிட்டார். அப்புறம் இங்கிலீஷில் என்னென்னவோ. பேத்தி எச்சில் கையோடு ஓடிவந்தாள்.

"தண்ணீங்க அம்மிச்சி... தண்ணி அதுக்கு எமன்."

"காத்துத்தான் எமன்னு சொன்னியே கண்ணு."

"ரெண்டும்தாங்க."

சம்பந்தி பின்னால் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே ஈரம் இறங்கிவிட்டதா என்று அப்போதே திறந்து பார்க்க வேண்டுமாம். கூடத்தில் திறந்தால் காற்று. உள் அறையில் எட்டுப் பேர் நிற்க இடமில்லை. காற்று நுழையாத இடம் எங்கள் வீட்டில் ஒன்றுதான். மார்கழி பிறந்ததும் தொழுவத்தின் கிழக்குப் பக்கத்தை ஓலைத் தட்டி வைத்து அடைத்துவிடுவோம், இல்லையென்றால் மாடு நடுங்கிப் பாலைக் குறைத்துவிடும். எட்டுப் பெட்டியும் தொழுவத்துக்குப் போனது.

துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். பெட்டியின் வெளித்துணிதான் நனைந்திருந்தது, மரத்தில் ஈரம் இல்லை. ஆனால் பார்த்தால் போதாதாம், வாசித்துக் கேட்டால்தான் தெரியுமாம். பேத்தி தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து ஒவ்வொரு தந்தியாக இழுத்தாள். பக்கத்தில் இன்னொரு பெண் தன் வயலினை இழுத்தாள். தாடிக்காரர் உத்தரத்தில் இடிக்காமல் குனிந்து நின்று தன்னுடையதை. கொஞ்சம் கொஞ்சமாக அது சோதிக்கிற சத்தமாக இல்லாமல் நேற்றைக்குக் கேட்ட பாட்டாக ஆகிவிட்டது. ஆரம்பிக்கலாம் என்று யாரும் சொன்ன மாதிரி தெரியவில்லை.

பால் கறக்கிற நேரம். மாடு காத்துக்கொண்டு நிற்கிறது. நான் என்ன செய்வேன்? பேத்திக்கு முதுகைக் காட்டி, மாட்டின் வயிற்றில் நெற்றியை முட்டுக் கொடுத்து உட்கார்ந்தேன். ஒருத்தர் முகத்தையும் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் தட்டிக்கும் மாட்டுக்கும் நடுவில் வந்து என்னோடு உட்கார்ந்துகொண்டது. மாடு ஆள் கூட்டத்தைப் பார்த்து மிரண்டு பாலை ஒளித்துக்கொண்டது, சொட்டு விடவில்லை. விட்டால் விடு, விடாவிட்டால் போ என்று காம்பைப் பிடித்தபடியே இருந்தேன்.

உள்ளே இடமில்லாமல் சம்பந்தி வாசலில் காற்றில் நின்றார். தலைப் பூவெல்லாம் உதிர்ந்துபோயிருந்தது. வாசிப்பு நின்றதும் தட்டுவதற்குக் கையைத் தூக்கினார்.

"தட்டாதீங்க சம்பந்தி," என்றேன். "மாடு மெரளும்."

வேன் புறப்படும்போது அவர் என் பக்கத்தில் வந்து, சிரிக்காமல் சொன்னார்: "எனக்கு நூறு பேரு நடுவுல வாசிச்சா. உங்களுக்கு வீட்டுக்குள்ளயே வந்து வாசிச்சிட்டா." எனக்கு அன்றைக்குச் சாப்பிடாமலே வயிறு நிறைந்தது. சொசைட்டியில் பால் ஏன் குறைவு என்று கேட்டவரிடமும் இதையே சொன்னேன், அவர் கேட்காததையும் சேர்த்து.

இப்போது அவள் ஜெர்மனியில். முன் வரிசையில் உட்கார்ந்து கேட்கிற அந்த ஊர்க்காரர்களை நினைத்தாலே எனக்கு ஆகவில்லை. போன வாரம் ஒரு பேச்சு வந்தது. "அம்மிச்சி, மாடு இப்ப ஒழுங்காப் பால் குடுக்குதுங்களா?" என்று ஆரம்பித்தது. ஆச்சி என்ற வார்த்தையே அதில் இல்லை. கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, கை காலெல்லாம் ஒரு துள்ளலோடு சின்னக்கானலுக்குப் போன் போடச் சொன்னேன். பொதுவாக நலம் விசாரிக்கிற மாதிரி, ஏனுங்க சம்பந்தி, பேத்திகிட்ட இருந்து உங்களுக்கு ஏதாச்சும் வந்துச்சுங்களா என்று கேட்டேன்.

"வந்துச்சே மதினி. எனக்குன்னு தனியா ஒண்ணு."

"என்னங்க சொன்னா?"

"அத எதுக்கு உங்ககிட்ட சொல்லணும்?" என்றார் சம்பந்தி, சிரித்துக்கொண்டே.