இடக்கையில் பிடித்த காம்பஸ்

அரூர்ப் பக்கம் ஒரு மலையடிவாரத்தில் அண்ணனும் தங்கையும் தங்கள் நிலத்தைச் சரிபாதியாகப் பிரித்துத் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் நில அளவையர், இடக்கைக்காரி. நிலம் ஓடையோரப் பள்ளத்தில் கிடந்தது. மரங்கள் மூடியிருந்ததால் ஜிபிஎஸ் கருவிக்கு சிக்னல் நிற்கவில்லை. திசையும் கோணமும் காட்டும் பழைய காம்பஸை வெளியே எடுத்தேன்.

அது வலக்கைக்காரர்களுக்கென்று செய்தது. உள்ளே ஆடும் எண் வட்டை நிறுத்தும் பித்தான் அவர்கள் விரலுக்கு வாகாக இருக்கும். இடக்கையில் பிடித்தால் என் உள்ளங்கை அதன் மேலேயே போய் அழுந்தும். விரல்களை மடக்கி, ஒதுக்கிப் பிடித்தே பல வருடம் ஓட்டிவிட்டேன். அன்றைக்குத் தொடர்ந்து மூன்றாவது நாளாக வெயிலில் வேலை.

சுற்று எல்லையை அளந்து, கணக்குப் போட்டு, நடுவே கல் நட்டேன். நிலத்தில் இருந்த ஒரே கிணறு அண்ணன் பக்கம் போனது. தங்கை தயங்கித் தயங்கி வந்தார்.

"பாதின்னா கெணறு எம்பக்கந்தானுங்க வரணும். இன்னொருக்கா பாருங்க."

கருவி பொய் சொல்லாது என்று சொல்லிவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தேன்.

தண்ணீர் குடித்தபின் நோட்டைப் புரட்டினேன். ஓடை வளையும் இடத்தில் அடுத்தடுத்த இரண்டு கோணங்கள் ஒரே எண்ணாக இருந்தன. எல்லை அங்கே திரும்புகிறது. எண் மாறாமல் இருக்க வழியே இல்லை. பித்தான் அழுந்தி, வட்டு நகராமல் நின்றிருக்கிறது. சுற்றிவந்த கோடு தொடங்கிய இடத்திலேயே முடிகிறதா என்று கடைசியில் சரிபார்க்கும் கணக்கைப் போட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அலுப்பில் அதை விட்டுவிட்டேன்.

இருவரையும் கூப்பிட்டு, பித்தான் என் கையில் அழுந்திவிட்டது, தப்பு என்னுடையது, நாளைக் காலை மறுபடி அளக்கிறேன் என்றேன். அண்ணன் காம்பஸையும் என் கையையும் பார்த்தார்.

"எடக்கைன்னு தெரிஞ்சிருந்தா கூப்பிட்டே இருக்க மாட்டேனுங்க."

நோட்டை மூடிப் பையில் வைத்தேன்.

மறுநாள் கம்பு ஒன்றை ஊன்றி, அதன் மேல் வலக்கையைத் தாங்கவைத்து அளந்தேன். பழக்கமில்லாத கை என்பதால் ஒவ்வொரு கோணத்தையும் மூன்று முறை பார்த்தேன். இந்த முறை கணக்கு ஒத்துவந்தது. கோடு நகர்ந்து, கிணறு தங்கைக்கு வந்தது.

அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். முதல் நாள் தப்பாக நட்ட கற்களைப் பிடுங்க நான் கடப்பாரையை எடுத்தபோது தங்கை ஒரு கல்லை அசைத்துக்கொண்டே, எந்தக் கையில் சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். வலக்கையில்தான், அம்மா அடித்துப் பழக்கினார் என்றேன். அவர் என் இடக்கையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கல்லை மறுபடி பிடித்தார். பிறகு இருவரும் சேர்ந்து அதைப் பிடுங்கினோம்.