மூன்றாவது ஓலையும் நோணாங்குப்பம் படகும்

எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு எழுதுகிற வேலையில் பத்தொன்பது வருஷம் ஓட்டிவிட்டேன். இந்த வேலையைப் பழக வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "இதுல இன்னாக்கா கஷ்டம்? டைப் பண்ணி பிரிண்ட் எடுக்கறதுதானே?" என்பதுதான். எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். அந்த ஒரு தாளை வைத்து ஒரு கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தவள் நான். சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

1. ஒரு தாள், இரண்டு பக்கம்

உப்பளத்தில் எங்களுடையது சின்னக் கோயில். பங்கில் நூறு குடும்பம்கூடத் தேறாது. கோயில் ஆபீஸில் கிளார்க் நான்தான், பியூன் நான்தான், மைக் மக்கர் பண்ணினால் எலக்ட்ரீஷியனும் நான்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அறிவிப்புத் தாள் தயாராகிவிட வேண்டும். முன்பக்கம் 'வரும் நிகழ்ச்சிகள்': நற்கருணை வகுப்பு, பாடகர் குழு ஒத்திகை, கண் பரிசோதனை முகாம், சுற்றுலா. பின்பக்கம் 'பங்கு மக்கள் செய்தி': யாருக்குப் பிறந்தநாள், யார் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினார், யார் வீட்டுக்கு பாரீஸிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், யாருக்கு ஓலை. முன்பக்கத்தை எல்லோரும் படிப்பார்கள். பின்பக்கத்தைத் தங்கள் பெயர் இருந்தால் மட்டும் படிப்பார்கள்.

ஓலை என்றதும் பனைமரத்தைப் பார்க்காதீர்கள். எங்களில் கல்யாணம் நிச்சயமானால், மூன்று ஞாயிறு பூசையில் பெண் மாப்பிள்ளை பெயரைப் பெற்றோர் பெயரோடு வாசிக்க வேண்டும். "இவர்களின் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குக் குருவிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று அது முடியும். நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒருத்தரும் வந்து தெரிவித்ததில்லை. அந்த வரி வரும்போது பாதிப் பேர் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

2. கவிழ்த்து வைத்த விண்ணப்பம்

ரெஜினா எங்கள் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவள். உப்பளத்திலேயே தையல் கடை. வயது ஐம்பத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை. போன வருஷம் ஒரு காலையில் ஆபீஸுக்கு வந்து, ஒரு விண்ணப்பத்தை என் மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"சிரிக்காம படிக்கணும்க்கா."

திருப்பினேன். கல்யாண விண்ணப்பம். பெண், ரெஜினா. மாப்பிள்ளை, அரியாங்குப்பம் சவரிமுத்து. பேக்கரி வைத்திருக்கிறார், மனைவி இறந்து எட்டு வருஷம். நான் போட்ட கூச்சலில் வெளியே கோலி ஆடிய பிள்ளைகள் ஜன்னலில் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அடிப்பாவி! எங்கிட்டகூட மூச்சு விடலியே!"

"இப்பத்தான் விடறேனில்ல? ஏப்ரன் தைக்கத்தான் வந்தாரு."

"எத்தினி ஏப்ரன்?"

"ஒண்ணுதான். அளவு குடுக்கத்தான் ஆறு வாட்டி வந்தாரு."

நான் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அப்புறம் சட்டென்று நிறுத்திவிட்டு அவள் சொன்னதை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. நான் இந்தப் பங்குக்கு வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்னால் நடந்தது.

அவளுக்கு இருபத்திநாலு வயதில் ஒரு சம்பந்தம் பேசி, இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. இடையில் மாப்பிள்ளை வீட்டுக்கு பிரெஞ்சு குடியுரிமை உள்ள ஒரு பெண் கிடைத்துவிட்டாள். மூன்றாவது ஞாயிறு சாமியார் இவள் பெயரைத் தாண்டி அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார். ரெஜினா அன்றைக்கும் பாடகர் குழுவில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"கோயிலே திரும்பி என்னைப் பாத்துச்சுக்கா. அப்புறமும் ஒரு பாட்டு பாட வேண்டியிருந்திச்சு, பாடினேன்." அவள் விண்ணப்பத்தின் ஓரத்தை மடித்து மடித்து நீவினாள். "மூணாவது ஓலை முழுசா வாசிச்சு முடிக்கட்டும். அது வரைக்கும் நான் பொடவகூட எடுக்க மாட்டேன். நடுவுல யாராவது ஒரு வார்த்தை சொன்னாங்கன்னா அவ்ளோதான், வுட்டுடுவேன். இன்னொரு வாட்டி என்னால தாங்க முடியாது."

"எவ சொல்லுவா? நான் ஒருத்தி இங்க எதுக்கு இருக்கேன்? எங்கிட்ட வுடு," என்றேன். அந்தப் பேச்சை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

3. ஊரே படகில்

முதல் ஓலை வாசித்த அன்று கோயிலே கலகலத்துவிட்டது. பூசை முடிந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு கன்னத்தைக் கிள்ளினார்கள். இரண்டாவது வாரமும் நல்லபடியாக நடந்தது. ரெஜினா மட்டும் பதற்றத்தில் கீபோர்டில் ஒரு சுரம் தள்ளி வாசித்துக்கொண்டிருந்தாள்.

அதே வாரங்களில் பங்குக்கு இன்னொரு பைத்தியமும் பிடித்திருந்தது. நோணாங்குப்பம் போட் ஹவுஸுக்குப் போய், படகில் பாரடைஸ் பீச் போகிற சுற்றுலா. பட்டியலில் முதல் பெயர், பிரெஞ்சில் 'ஐயா' என்கிற மாதிரி ஊரே 'முசியே' என்று கூப்பிடும் லூர்துசாமி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், எண்பத்துநாலு வயது, காது கொஞ்சம் மந்தம், குரல் கொஞ்சமும் மந்தமில்லை. தொப்பி வாங்கிவிட்டார். கறுப்புக் கண்ணாடி வாங்கிவிட்டார். தினமும் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, "பிலோமி, என் பேரு இருக்குதா? டைப் அடிச்சிட்டியா?" என்று கேட்பார்.

"நீங்கதான் முசியே கேப்டன்," என்பேன்.

மூன்றாவது வாரம் வந்தது. இங்கே என் சொந்தப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு ஓலையில் பெயர் மட்டும்தான் இருக்கும். மூன்றாவதில் கல்யாணத் தேதியையும் நேரத்தையும் சேர்த்துவிடுவேன். இல்லையென்றால் ஊரே போன் பண்ணி என் உயிரை எடுக்கும். வெள்ளிக்கிழமை முன்பக்கம் அடித்தேன்: சுற்றுலா, சனிக்கிழமை காலை ஒன்பது மணி. எழுத்துப் பிழை பார்த்தேன், டீ குடித்தேன். பின்பக்கம் அடித்தேன்: திருமணம், சனிக்கிழமை காலை பத்து மணி. எழுத்துப் பிழை பார்த்தேன். இரண்டும் ஒரே சனிக்கிழமை. சுற்றுலாவை ஒரு நோட்டிலும் கல்யாணத்தை வேறொரு நோட்டிலும் குறித்து வைக்கிற புத்திசாலி நான். இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. கையெழுத்துப் போட்ட ஃபாதரும் முன்பக்கத்தோடு சரி.

4. தடை இருக்கு சாமி

ஞாயிறு பூசை. நற்கருணை வாங்கி முடித்து எல்லோரும் உட்கார்ந்தோம். ஃபாதர் முன்பக்கத்தை வாசித்தார். சுற்றுலா என்றதும் பிள்ளைகள் கை தட்டினார்கள். தாளைத் திருப்பினார்.

"மூன்றாம் முறையாக வாசிக்கப்படும் திருமண ஓலை..."

நான் ரெஜினாவைப் பார்த்தேன். கீபோர்டின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயர்கள் முடிந்தன. தேதி முடிந்தது. "இவர்களின் திருமணத்துக்குத் தடை ஏதும்..." என்று ஃபாதர் ஆரம்பித்தார்.

இரண்டாவது பெஞ்சில் முசியே லூர்துசாமி எழுந்து நின்றார்.

"தடை இருக்கு சாமி!"

ரெஜினாவின் இரண்டு கையும் கீபோர்டில் விழுந்து, 'ஙொய்ங்' என்று ஒரு சத்தம் வந்தது. அவள் எழுந்தாள். யாரையும் பார்க்கவில்லை. பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டாள்.

நான் செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே ஓடினேன். ஆபீஸ் கதவு திறந்திருந்தது. என் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"என் தலையில மூணாவது ஓலைன்னு எழுதலக்கா. வுட்டுடுங்க. அவருகிட்ட நீங்களே சொல்லிடுங்க, எனக்குச் சொல்ற தெம்பு இல்ல."

அந்த மனுஷனுக்கு இவள்மேல் என்ன வன்மம்? போன கிறிஸ்துமஸுக்குக்கூட அவருக்குக் கோட் தைத்துக் கொடுத்தவள் இவள். இப்போதே போய் அவர் தொப்பியைப் பிடுங்கிக் கடலில் எறிய வேண்டும் என்று ஆத்திரம் வந்தது.

எங்கள் ஆபீஸில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி உண்டு. பூசை நேரத்தில் ஆபீஸில் மாட்டிக்கொண்டால் கேட்பதற்காக நானே ஒயர் இழுத்து வைத்தது. அது கரகரத்தது. முதலில் ஃபாதர் குரல். விழுப்புரம் பக்கத்துக்காரர், சின்ன வயது, இப்படி ஒன்றை அவர் செமினரியில் படித்திருக்க மாட்டார்.

"முசியே, இது வெளையாட்டு இல்ல. என்ன தடைன்னு தெளிவா சொல்லுங்க."

"சாமி, நானா வெளையாடறேன்? முன்பக்கம் பாரு. போட்ல போறது எந்த சனிக்கெழமை? பின்பக்கம் பாரு. கல்யாணம் எந்த சனிக்கெழமை? ஒரு மனுசன் ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல எப்டி நிப்பான்?"

தாள் புரட்டுகிற சத்தம். ஒரு தாள் இல்லை, கோயில் முழுக்கப் புரட்டுகிற சத்தம்.

"ரெஜினா கல்யாணத்தைப் பாக்காம நான் போட்ல ஏறுவேனா? நம்ம பொண்ணு கல்யாணமாச்சே! ஆனா போட்ல நான்தான் மொதோ பேரு. தடை இருந்தா சொல்லச் சொன்னீங்க, சொன்னேன். பர்தோன், மோன் பேர்!" என்று பிரெஞ்சில் சாமியாரிடம் மன்னிப்பும் கேட்டார்.

அதற்குமேல் ஸ்பீக்கரில் எதுவும் புரியவில்லை. அத்தனை சிரிப்பு. யாரோ "கல்யாணம்தான் மொதோ!" என்று கத்தினார்கள். "போட்டை மத்தியானத்துக்கு மாத்துங்க ஃபாதர்!" "பொண்ணு மாப்பிள்ளைய நடு போட்ல ஒக்கார வையிங்க!" ஃபாதர் "அமைதி, அமைதி" என்றார். அவரே சிரித்துக்கொண்டு சொன்னால் யார் கேட்பார்கள்?

ரெஜினா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அந்தத் தேதிய அடிச்சது யாருக்கா?"

"நான்தான்."

"ரெண்டு பக்கமும்?"

"ரெண்டு பக்கமும். செருப்பால அடிடி என்னை."

"நீங்கதான் செருப்பே போடலியே," என்றவள், அப்படியே நாற்காலியில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். விக்கல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன், அதையும் சிரித்துக்கொண்டே என் மேலே துப்பினாள். நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

திடீரென்று அவள் நிமிர்ந்தாள். "ஓலை பாதியிலதானே நின்னுச்சு?"

"ஆமா."

"அப்ப அது செல்லாது. வாங்க."

5. முதலிலிருந்து

பக்கவாட்டுக் கதவு வழியாக அவள் போகவில்லை. சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போய், நடுப் பாதையில் நடந்தாள். சத்தம் வரிசை வரிசையாக அடங்கியது. பீடத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஃபாதர், தேதி எதுவா வேணா இருக்கட்டும். ஓலைய முதல்லேர்ந்து வாசிங்க. முழுசா வாசிங்க. நான் நின்னு கேக்கறேன்."

ஃபாதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தாளை இரண்டு கையாலும் பிடித்து வாசித்தார். அவள் அப்பா பெயர், அம்மா பெயர், சவரிமுத்து பெயர், எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். தடை என்கிற வரி வந்தபோது கோயிலே இரண்டாவது பெஞ்சைப் பார்த்தது. முசியே லூர்துசாமி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். பத்தாததற்கு அவர் மனைவியும் மேலே ஒரு கையை வைத்தார்.

"...கடமைப்பட்டிருக்கிறார்கள்."

முடிந்தது. ஒருத்தரும் இருமக்கூட இல்லை. ரெஜினாவின் தோள் ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு "ஆமென்" என்றாள். ஓலைக்கு ஆமென் சொல்கிற வழக்கம் எந்தக் கோயிலிலும் கிடையாது. ஆனால் நாங்கள் அத்தனை பேரும் "ஆமென்" என்றோம். வெளியே இஸ்திரி வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னோம். இறுதி ஆசீர் இன்னும் கொடுக்கவில்லை என்பது ஃபாதருக்கே மறந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்குக் கல்யாணம், மூன்று மணிக்குப் படகு. மணப்பெண் பட்டுப் புடவைக்குமேல் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, படகு ஆடும்போதெல்லாம் பெண்டாட்டியை விட்டுவிட்டுக் கேக்கைப் பிடித்தார். அதற்கு அவள் அவரைத் திட்டிய திட்டில் எல்லோரும் சிரித்துச் சிரித்துப் படகோட்டி எங்களை அதட்ட வேண்டியதாகிவிட்டது.

6. வேலைக்கு வருகிறவர்களுக்கு

இப்போது என்னிடம் ஒரே நோட்டுதான். தாளை பிரிண்ட் எடுத்ததும் இரண்டு பக்கத்தையும் சத்தம் போட்டு வாசிக்கிறேன். எழுத்துப் பிழையைக் கடைசியில் பார்க்கிறேன். முதலில், இதில் பெயர் வருகிறவர் எந்த பெஞ்சில், எப்படி உட்கார்ந்து இதைக் கேட்பார் என்று ஒரு நிமிஷம் யோசிக்கிறேன். கற்றுக்கொண்டது அவ்வளவுதான். கற்றுக்கொள்ளப் பதினெட்டு வருஷம் பிடித்தது, வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஓலையை நோட்டீஸ் போர்டிலும் குத்தி வைப்போம். மூன்றாவது வாசித்ததும் எடுத்துவிட வேண்டும். அன்றைக்குக் கூட்டம் கலைந்த பிறகு நான் அதைக் கழற்றப் போனேன். ரெஜினா அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள், எத்தனை நேரமாக என்று தெரியவில்லை.

"கழட்டாதீங்கக்கா," என்றாள். "ஒரு வாரம் இருக்கட்டும். இருவத்தெட்டு வருசமா என் மூணாவது ஓலைய யாரும் பாக்கல."

நான் குண்டூசியை அழுத்திக் குத்திவிட்டு வந்தேன்.