அம்மாவுக்குக் கடுமை என்று ஒரு தந்தி

எனக்கு எண்பத்தி நாலு வயது. பெற்றது ஏழு, வளர்த்து ஆளாக்கியது ஆறு. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே ஆறு பேரையும் படிக்க வைத்தேன். நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. எழுத்து கோணலாகத்தான் வரும். இருந்தாலும் இதை இன்னொருத்தர் கையால் எழுதவைக்க எனக்கு மனசில்லை.

என் தம்பிக்குக் கடலில் கால் போனது என்று என் பிள்ளைகள் இன்றைக்கும் சொல்லுகிறார்கள். கடல் அவனை ஒன்றும் செய்யவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் தலவாக்கலையிலிருந்து மூன்று மைல் மேலே. சின்னதுரை பங்களாவில் தம்பி வேலைக்கு இருந்தான். அந்த வெள்ளைக்காரருக்கு நீச்சல் என்றால் சோறு வேண்டாம். ஃபேக்டரிக்குக் கீழே ஆற்றை மறித்த குட்டையில் தம்பிக்கும் சொல்லிக்கொடுத்தார். பிறகு தோட்ட உத்தியோகத்தை விட்டுவிட்டுத் திருகோணமலைக்குப் போனார். சண்டைக் காலத்தில் முழுகிப்போன கப்பல் ஒன்றிலிருந்து பித்தளையும் செம்பும் எடுக்கிற வேலை. தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். அறுபதுக்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தி இருக்கும்.

முதல் லீவில் வந்தபோது எல்லாம் சொன்னான். காற்று அடைத்த இரும்புக் குடுவையை முதுகில் கட்டி, அதிலிருந்து வரும் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்குவதாம். ரெண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். கப்பல் இருபத்தைந்து பாகம் ஆழத்தில் ஒருக்களித்துக் கிடக்கிறதாம். போகப்போகச் சிவப்பு என்ற நிறமே இல்லாமல் போய்விடும், கை கீறினால் ரத்தம் பச்சையாகத் தெரியும் என்றான். கப்பலின் குசினிக்குள் பீங்கான் கோப்பைகள் உடையாமல் அடுக்கியபடியே இருந்ததாம். ஒரு பெரிய மீன் வாசலை மறித்துக்கொண்டு, வீட்டுக்காரன் மாதிரி அவனைப் பார்த்ததாம்.

"கீழ போறதுக்குக் கல்லு போதும்க்கா. மேல வர்றதுதான் வேல," என்றான். தான் விட்ட காற்றுக் குமிழியை முந்திக்கொண்டு மேலே வரக்கூடாது. பாதி வழியில் கயிற்றைப் பிடித்துத் தொங்கி நேரம் கழிக்கணும். கரைக்கு வந்தபிறகும் ரெண்டு நாளைக்கு மலை ஏறக்கூடாது என்பது துரையின் கண்டிப்பு.

எனக்கு விளங்கவில்லை. தலவாக்கலையில், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம்காரர் கடையில் ஒரு சோடா வாங்கிக் கையில் பிடித்துக் காட்டினான். மூடியிருக்கும்போது பார், ஒன்றும் தெரியாது. திறந்தால்தான் பொங்கும். ஆழத்தில் இருந்தவன் ரத்தமும் அப்படித்தான், மெதுவாகத் திறக்கணும், உயரத்துக்குப் போகப்போக இன்னும் திறக்கும் என்றான். மலையில் பிறந்தவனுக்கு மலை ஆகாதா என்று நான் சிரித்தேன். நானாவும் சிரித்தார். ஆனால் விளங்கத்தான் செய்தது. அதை இங்கே மறைக்கமாட்டேன்.

அடுத்த வருஷம் என் மூத்தவளுக்குக் காதுகுத்து வைத்தோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தணும். தம்பியிடமிருந்து கடுதாசி வந்தது. காற்று மாறுவதற்குள் கப்பலின் ஆழமான பக்கத்தை முடிக்கவேண்டும், தினம் ரெண்டு தரம் இறங்குகிறோம், ஒரு மாசம் தள்ளிவை என்று எழுதியிருந்தான். நான் தள்ளிவைத்திருக்கலாம். ஆனால் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நின்றபோது என் நாத்தனார், பத்துப் பேர் கேட்க, "மாமன் மடிக்குப் பதிலா ஆசாரி மடியிலயே ஒக்கார வச்சிரு புள்ள, அவருதான் ஊருல இருக்காரு," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனேன். கிளாக்கர் ஐயாவிடம் தம்பிக்கு ஒரு தந்தி எழுதச் சொன்னேன். அம்மாவுக்குக் கடுமை, உடனே வா. அந்தக் காலத்தில் அம்மாவைச் சாகக் கிடத்தாமல் யாருக்கும் லீவு கிடைக்காது. அந்த வருஷம் மட்டும் எங்கள் தோட்டத்தில் நாலு அம்மாமார் சாகக் கிடந்து எழுந்தார்கள்.

"நல்லா நடக்கிற மனுஷிய ஏன் படுக்க வைக்கிறே?" என்று கிளாக்கர் ஐயா கேட்டார். எழுதுங்க ஐயா என்றேன். எழுதினார்.

அன்றைக்குக் காலையில் தம்பி ரெண்டு தரம் இறங்கியிருக்கிறான். மேலே வந்து ஈரம் துடைக்கும்போது தந்தி கையில் கிடைத்திருக்கிறது. துரை தடுத்தாராம். அம்மாவென்றதும் கேட்கவில்லை. கண்டிக்குப் போன கருவாட்டு லொறியில் ஏறி, மறுநாள் காலையில் ரயில் பிடித்தான். நாவலப்பிட்டி தாண்டியதும் தோள்பட்டை வலித்ததாம். ஹட்டனில் இடுப்புக்குக் கீழே எறும்பு ஊர்ந்ததாம். தலவாக்கலையில் இறங்கி ஒரு சவுக்கு மரக் கம்பை ஊன்றிக்கொண்டு மேலே ஏறியிருக்கிறான்.

மத்தியானம் எங்கள் லயத்து வீட்டு வாசலுக்கு வந்தான். அம்மா இடுப்பில் குடத்தோடு எதிரே வந்தது. அவன் அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒரு சிரிப்பு வந்தது அவனுக்கு. அதில் கோபம் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அக்கா, அம்மா நல்லாருக்கு, அது போதும். என்னைய இப்பவே கீழ எறக்கிரு. கடல் மட்டத்துக்குப் போகணும்."

கூடத்தில் நாத்தனார் பலகாரத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அவள் தலை எங்கள் பக்கம் திரும்பியது. நான் சொன்னேன்: "ஒரு ராத்திரிதானே தம்பி. காலையில புள்ளைய மடியில வச்சிட்டுப் போ."

ஊன்றி வந்த கம்பைச் சுவரில் சாய்த்துவைத்தான். சரிக்கா என்றான்.

தோட்டத்து டொக்டர் ஐயா வந்து பார்த்து வாதம் என்று தைலம் கொடுத்தார். காலையில் அவனை ரெண்டு பேர் தூக்கிக்கொண்டுபோய்க் கோயில் முன்னால் உட்காரவைத்தார்கள். புது வேட்டி, நெற்றியில் சந்தனம், ராஜா மாதிரி இருந்தான். பிள்ளையை நான்தான் அவன் மடியில் வைத்தேன். ஆசாரி ஊசியை எடுத்தார். கண்ணை மூடி உட்கார்ந்திருந்த தம்பி, "புள்ளைய இன்னும் வைக்கலியாக்கா?" என்று கேட்டான்.

பிள்ளை மடியில் கையைக் காலை உதைத்து அழுதுகொண்டிருந்தாள்.

நானாவின் கடைக்குப் பாண் ரொட்டி ஏற்றும் லொறியில் அன்றைக்கே அவனை இறக்கினோம். துரை அவனைத் துறைமுகத்தில் ஒரு இரும்பு அறைக்குள் கிடத்திக் காற்றை ஏற்றிப் பார்த்தார். இடது கால் திரும்ப வந்தது. வலது கால் வரவில்லை. ஒரு நாள் முந்தி வந்திருந்தால் என்று துரை சொன்னாராம்.

ஏன் அப்படித் தந்தி அடித்தாய் என்று அம்மா கேட்டது. கிளாக்கர் ஐயா தப்பாக எழுதிவிட்டார் என்றேன். தோட்டம் முழுக்க அவரை ஏசியது. அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பென்ஷன் வாங்கிப் போகும்வரை என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வார். குனியவேண்டியது நான்.

தம்பி திருகோணமலையிலேயே இருந்துவிட்டான். அடுத்தவர்கள் இறங்கும் குடுவைக்குக் காற்று அடைக்கிற வேலை. ஐந்தாறு வருஷம் கழித்து அம்மா உண்மையாகவே படுத்தது. அதே ஆபீசில், வேறு கிளாக்கரிடம், அதே நாலு வார்த்தையைச் சொன்னேன். தம்பி வரவில்லை. அம்மாவை எடுத்து மூன்றாம் நாள் ஒரு தபால் அட்டை வந்தது. அதில் ஒரே வரி இருந்தது. "அக்கா, இந்தத் தடவ நெசமா?"

அதற்கு நான் பதில் போடவில்லை. அவனும் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

பேத்தி, இதை எனக்குத் திருப்பி வாசி. என் கோணல் எழுத்து விளங்காத இடத்தில் உன் சொந்தச் சொல்லைப் போடாதே. காது குத்திக்கொண்ட உங்கம்மாவும் குசினியில்தான் இருக்கிறாள். அவளுக்கும் கேட்கிற மாதிரி, கிளாக்கர் ஐயா வருகிற இடத்தைச் சத்தமாக வாசி.