இன்கா பாதைக்கு நான் சொன்ன ஓம்

யாழ்ப்பாணத்தார் தொலைபேசியில் சொல்லும் ஓம் எல்லாம் சம்மதம் அல்ல. நீங்கள் கதைக்கிறீர்கள், நானும் இந்தப் பக்கம் இருக்கிறேன் என்பதற்கும் அதே ஓம்தான். ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த என் மகளுக்கு இது தெரியாது. அவளுக்கு ஓம் என்றால் ஜெர்மன்காரரின் ‘யா’. சொன்னால் சொன்னதுதான்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் அவள் கொலோனில் படித்துக்கொண்டிருந்தாள். நானும் மனைவியும் எசன் நகரில். ஞாயிறு மாலைகளில் அழைப்பாள். தொலைக்காட்சியில் ஊர்ச் செய்தி போகும் நேரமும் அதுதான். ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கண் திரையில் இருக்க, ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். பெரு, இன்கா, மலை என்று சில சொற்கள் வந்துபோனது ஞாபகம் இருக்கிறது. ஒருமுறை பாஸ்போர்ட் நகல் கேட்டாள், கொடுத்தேன். வீட்டு அலுவல்களை எல்லாம் அவளே பார்ப்பதால் எதற்கென்று கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை வந்து, ஒரு சோடி மலைச் சப்பாத்துகளை என் முன்னால் வைத்தாள். பெருவில் இன்கா அரசர்கள் காலத்துக் கற்பாதையில் நடக்க எங்கள் இருவர் பெயரிலும் அனுமதி வந்துவிட்டதாம். நான்கு நாள் நடை, இரவில் கூடாரம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீங்கள் ஓம் எண்டு சொன்னனீங்கள் தானே அப்பா?” என்றாள்.

மனைவி குசினியிலிருந்து, “கேளாமல் ஓம் போட்டால் இப்பிடித்தான். இனி ஏறுங்கோ மலை” என்றாள்.

நான் ஒன்றையும் கேட்கவில்லை என்று அன்றே சொல்லியிருக்கலாம். சப்பாத்தைப் போட்டுப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. என் கால் அளவு அவளுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் யோசித்தேன். அவளுடைய கால் அளவு எனக்குத் தெரியாது.

பழகிக்கொள்ள என்னை ஐஃபல் மலைப்பக்கம் கூட்டிப்போனாள். அங்கே காட்டுக்குள் ரோமர் போட்ட பழைய பாதை ஒன்றின் மிச்சம் கிடக்கிறது. பக்கத்திலேயே நல்ல தார் வீதி, பஸ்ஸும் ஓடுகிறது. இருந்தும் என் வயதுக்காரர்கள் இரண்டு கையிலும் தடி ஊன்றிக்கொண்டு காட்டுக்குள்ளால் வந்து எங்களுக்கு வணக்கம் சொன்னார்கள். அவர்கள் எங்கேயும் போகிறவர்களாகத் தெரியவில்லை. போய்ச் சேர இடமில்லாமல் ஏன் நடக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. என் கால்களோ அதைக் கேட்காமல் நன்றாகவே நடந்தன. நான் சந்தோஷமாக இருக்கிறேனோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது.

ஒரு ஏற்றத்தில் அவள் கேட்டாள். “ஜெர்மனிக்குக் காடெல்லாம் நடந்து வரேக்கை உங்களுக்குப் பயமா இருக்கேல்லையோ?”

நான் நின்றுவிட்டேன். எண்பதுகளில் அகதியாக விமானத்தில் கிழக்கு பெர்லினில் வந்து இறங்கி, ரயிலேறி மேற்குக்கு வந்தவன் நான். நடந்தது நிலையத்தின் படிக்கட்டில் மட்டும்தான். எல்லைக் காடுகளால் ஒளித்து நடந்து வந்தவர்கள் எனக்குப் பிறகு வந்த வேறு ஆட்கள். எங்கள் வீட்டுக்கு வரும்போது அந்தக் கதையைப் பல தடவை சொல்லியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளையாய் இருந்தவள், அப்பாவும் அப்படியா வந்தவர் என்று கேட்டிருப்பாள். நான் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு ஓம் என்றிருப்பேன்.

“இப்ப சொல்லவேண்டாம். அங்கை நாலு நாள் இருக்கெல்லோ, ஆறுதலாச் சொல்லுங்கோ” என்றாள்.

அவள் என்னைப் பெருவுக்குக் கூட்டிப்போவது இந்தக் கதையைக் கேட்கத்தான் என்று அப்போதுதான் விளங்கியது. உண்மையைச் சொன்னால் சிரிப்பாளா, முகம் வாடுவாளா? எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கு நினைத்துப் பார்த்தாலும் தெரியவில்லை. நான் குனிந்து முழங்காலைப் பிடித்தேன்.

“பிள்ளை, எனக்கு முழங்கால் ஏலாது.”

என் பையையும் தானே தூக்கிக்கொண்டு, பஸ் தரிப்பிடம் வரை என்னைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தாள். பெருவுக்குத் தனியாகப் போனாள்.

திரும்பி வந்து, “நீங்கள் வராதது நல்லம் அப்பா. எல்லாம் கல்லுப் படி” என்றாள். மேலே கணவாயில் மூச்சு முட்டியபோது, அப்பாவும் இப்படித்தானே நடந்து வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே ஏறினாளாம். முழங்காலுக்குப் பூச ஒரு தைலமும் வாங்கி வந்திருந்தாள்.

அதன் பிறகு அவள் வரும்போதெல்லாம் நான் நொண்டினேன். எந்தக் கால் என்பது எனக்கே குழம்பும். ஒரு ஞாயிறு அவள் வந்திருந்தபோது, செய்தி பார்க்க நொண்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். என் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா, போன முறை மற்றக் காலெல்லோ?”

“ஓம்” என்றேன்.

“இது சும்மா கேக்கிற ஓமோ, உண்மையாச் சொல்லுற ஓமோ?”

இந்த வித்தியாசத்தை அவள் எங்கே படித்தாளோ தெரியாது. கோபமா விளையாட்டா என்றும் முகத்தில் பிடிபடவில்லை. தொலைக்காட்சியை நிறுத்தினேன்.

“இரு பிள்ளை” என்றேன். “நான் பிளேனிலை வந்தனான்.”